இரண்டு சீட் விமானம் வாங்கலாமா? எக்ஸெலில் கணக்குப் போட்டுப் பாருங்கள்!

"என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பதுதான். லெட்டர் டைப் செய்ய ஒரு கம்ப்யூட்டர், வீடியோ எடிட்டிங் செய்ய வேறொரு கம்ப்யூட்டர். வேலையைச் சொல்லாமல் கான்பிகரேஷன் சொல்ல முடியாது. பொழுதுபோக்குக்காக ஓட்டும் சிறிய விமானத்துக்கும் இதே விதிதான். சிரிக்காதீர்கள்! விமானம் வாங்கும் எண்ணம் உங்களுக்கு இல்லாவிட்டாலும், எக்ஸெலையும் பிளைட் சிமுலேட்டரையும் உருப்படியாகப் பயன்படுத்த இது ஒரு நல்ல பயிற்சி.

கடையநல்லூரில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸும் செய்து வருகிறேன். வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய பழைய வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்து இந்த ஆசையைச் சொன்னார்.

"தம்பி, ரெண்டு பேர் உட்கார்ந்து போற மாதிரி சின்ன பிளேன் ஒண்ணு வாங்கணும். நானும் மகனும் குற்றால மலையை மேலே இருந்து பார்க்கணும். எது நல்லதுன்னு நெட்ல பார்த்துச் சொல்லு."

"அண்ணாச்சி, பிளேன் வாங்குறது செல்போன் வாங்குற மாதிரியா?"

"அது தெரியாமலா உன்கிட்ட கேக்கேன்? இடம் வித்த பணம்ப்பா. வீணாப் போயிரக் கூடாது."

இடம் விற்ற பணம், கூடவே மகனின் உயிர். விளையாட்டாகப் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. விமான மேனுவல்களை டவுன்லோடு செய்து படித்து ஒரு எக்ஸெல் ஷீட் தயாரித்தேன். அதைத்தான் இங்கே விளக்குகிறேன்.

நம் பக்கத்தில் நடக்கிற காரியமா?

நடந்திருக்கிறது. கேரளத்தின் தொடுபுழா பகுதியைச் சேர்ந்த சஜி தாமஸ், காது கேளாத, வாய் பேச முடியாதவர். இரண்டு பேர் அமரும் அல்ட்ராலைட் விமானத்தைத் தன் கையாலேயே கட்டினார். அது 2014-ல் பறந்து காட்டிய இடம் நம் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறு! ஓட்டியவர் ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர்.

மும்பையைச் சேர்ந்த ஆரோஹி பண்டிட் 2019 மே மாதத்தில் அட்லாண்டிக் கடலைத் தனியாகத் தாண்டினார். அவர் ஓட்டியது பிபிஸ்ட்ரெல் சைனஸ் என்ற சிறிய இரண்டு சீட் விமானம். அதே மும்பையில் மொட்டை மாடியில் ஆறு சீட் விமானம் கட்டிய அமோல் யாதவ், 2017-ல்தான் அதற்குப் பதிவு எண் பெற முடிந்தது. விமானத்தைக் கட்டுவதைப் போலவே பேப்பர் வேலைக்கும் பொறுமை வேண்டும் என்பதற்கு அவர் உதாரணம்.

என்னென்ன வகைகள்?

1. மைக்ரோலைட்: அலுமினியக் குழாய்களின் மேல் துணி போர்த்தியவை இதில் அதிகம். இரண்டு பேருடன் பறக்கும்போது மொத்த எடை 450 கிலோ என்பது இந்த வகையின் பழைய அளவுகோல். பெங்களூரு ராஜ்ஹம்சா நிறுவனத்தின் எக்ஸ்-ஏர் இந்த ரகம். பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளிலும் பலர் இதை வாங்கி ஓட்டியிருக்கிறார்கள்.

2. லைட் ஸ்போர்ட்: மொத்த எடை 600 கிலோ வரை. பெரும்பாலும் 80 அல்லது 100 குதிரைசக்தி ரோட்டாக்ஸ் 912 இன்ஜின். அமெரிக்கா 2004-ல் கொண்டுவந்த இந்த வகையை மற்ற நாடுகளும் பின்பற்றின. 2025 ஜூலையில் அமெரிக்கா அந்த எடை வரம்பைக் கைவிட்டு, மிகக் குறைந்த வேகத்தை அளவுகோலாக வைத்துப் புதிய விதி வெளியிட்டது.

3. முழுச் சான்றிதழ் பெற்ற பயிற்சி விமானங்கள்: செஸ்னா 150 (1958 முதல் 1977 வரை), செஸ்னா 152 (1977 முதல் 1985 வரை) ஆகியவை உலகம் முழுவதும் பழகிய பெயர்கள். இவை இப்போது பழையதாகத்தான் கிடைக்கும். நம் நாட்டுத் தயாரிப்பு, பெங்களூரு என்.ஏ.எல். உருவாக்கிய ஹன்சா. 1993-ல் முதலில் பறந்தது. ஹன்சா-3 மாடல் 2000-ல் சான்றிதழ் பெற்றது. நவீன டிஸ்பிளே கொண்ட ஹன்சா-என்ஜி 2021 செப்டம்பரில் பறந்தது. 2022-ல் இதன் கடல் மட்டச் சோதனைகள் புதுச்சேரியில் நடந்தன.

எலக்ட்ரிக் விமானமும் வந்துவிட்டது. பிபிஸ்ட்ரெல் வெலிஸ் எலக்ட்ரோ 2020 ஜூனில் ஐரோப்பியச் சான்றிதழ் பெற்றது. ஒரு சார்ஜில் சுமார் 50 நிமிடம்தான் பறக்கும் என்பதால், பயிற்சிப் பள்ளிக்குப் பொருந்தும் அளவுக்கு நமக்கு இன்னும் பொருந்தாது.

முதல் கணக்கு: எடை

இரண்டு சீட் இருப்பதால் இரண்டு பேரும் டாங்க் நிறைய பெட்ரோலும் ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். விற்பவர்கள் இதைத் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.

எக்ஸெலைத் திறந்து கொள்ளுங்கள். ஏ காலத்தில் மாடலின் பெயர். பி காலத்தில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை. சி-யில் காலி விமானத்தின் எடை. டி-யில் இரண்டு பேர், பைகளின் எடை. இ-யில், பி-யிலிருந்து சி-யையும் டி-யையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நீங்கள் போடக்கூடிய பெட்ரோலின் எடை. அதை 0.72-ஆல் வகுத்தால் எத்தனை லிட்டர் என்பது எப் காலத்தில் கிடைக்கும். ஜி-யில் மணிக்கு எத்தனை லிட்டர் செலவாகும் என்று எழுதுங்கள். எச்-ல், எப்-ஐ ஜி-யால் வகுத்து 0.5 கழியுங்கள். கழித்த அரை மணி நேரம், தொடாமல் வைத்திருக்க வேண்டிய ரிசர்வ்.

அண்ணாச்சி 86 கிலோ, மகன் 84 கிலோ. சேர்த்து 170. பை எதுவும் இல்லை. இப்போது பாருங்கள்:

மைக்ரோலைட்: 450-ல் காலி எடை 275 என்று வைத்தால் மீதி 175. ஆட்கள் போக 5 கிலோ. அதாவது 7 லிட்டர். மணிக்கு 15 லிட்டர் குடிக்கும் இன்ஜினுக்கு இது அரை மணி நேரத்துக்குக்கூடப் போதாது! ரிசர்வைக் கழித்தால் எச் காலத்தில் மைனஸ் வந்து நிற்கிறது.

லைட் ஸ்போர்ட்: 600-ல் காலி எடை 360 என்றால் மீதி 240. ஆட்கள் போக 70 கிலோ, சுமார் 97 லிட்டர். மணிக்கு 18 லிட்டர் என்றாலும் ரிசர்வ் போக ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 10 கிலோ பை ஏற்றினாலும் நான்கு மணி நேரம் பறக்கலாம்.

செஸ்னா 152: 757-ல் காலி எடை 520 என்றால் மீதி 237. ஆட்கள் போக 67 கிலோ, 93 லிட்டர். டாங்கில் பயன்படுத்தக்கூடிய அளவும் ஏறக்குறைய அவ்வளவுதான். மணிக்கு 23 லிட்டர் என்றால் ரிசர்வ் போக மூன்றரை மணி நேரம். ஆனால் ஒரு டிபன் பாக்ஸ் வைக்கக்கூட எடை மிச்சம் இல்லை!

காலி எடை ஒரே மாடலிலும் விமானத்துக்கு விமானம் மாறும். பெயின்ட் அடித்தாலும் புது ரேடியோ பொருத்தினாலும் கூடும். அதனால் விளம்பரத்தில் உள்ள எடையை நம்பாமல், நீங்கள் வாங்கப் போகும் அந்த விமானத்தின் எடைச் சான்றிதழில் உள்ள எண்ணையே சி காலத்தில் போடுங்கள். எச் காலத்துக்கு கண்டிஷனல் பார்மேட்டிங் கொடுத்து, 1-க்குக் கீழே வந்தால் சிவப்பாக மாறும்படி செய்துவிடுங்கள்.

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. எடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். பின்பக்கம் பாரம் கூடினால் விமானம் கட்டுக்கு அடங்காது. மேனுவலில் உள்ள பாலன்ஸ் அட்டவணையை இன்னொரு ஷீட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கணக்கு: வெயில்

சூடான காற்று லேசானது. இறக்கைக்குத் தூக்கு விசை குறையும், இன்ஜினுக்குச் சக்தி குறையும். இதைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. கடல் மட்டத்தில் 15 டிகிரி என்பது விமான உலகின் நிலையான அளவு. ஒவ்வொரு 1,000 அடிக்கும் 2 டிகிரி குறையும். அந்த அளவுக்கு மேல் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்க்க வேண்டும்.

தென்காசி வட்டாரம் சுமார் 500 அடி உயரம். நிலையான வெப்பம் 14 டிகிரி. மதியம் 35 டிகிரி என்றால் 21 டிகிரி அதிகம். 21-ஐ 120-ஆல் பெருக்கினால் 2,520. அதோடு 500-ஐக் கூட்டினால் 3,020 அடி. அதாவது நீங்கள் வயல்காட்டுப் பக்கத்தில் நின்றாலும், விமானம் 3,000 அடி மலை மேல் நிற்பதாகவே நினைத்து வேலை செய்யும்! டர்போ இல்லாத இன்ஜினில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். விளம்பரத்தில் உள்ள ஓட்டத் தூரமும் ஏறும் வேகமும் பெரும்பாலும் கடல் மட்டத்தில் 15 டிகிரிக்கானவை என்பதை மறக்காதீர்கள்.

வெயில் விமானத்தின் உடம்பையும் பாதிக்கும். துணி போர்த்தியவை வெயிலில் நின்றால் துணி நாளுக்கு நாள் வலுவிழக்கும். பைபர் வகைகளை வெள்ளை நிறத்திலேயே அதிகம் பார்ப்பதற்குக் காரணம் சூட்டைக் குறைப்பதுதான். ஷெட் இல்லாமல் விமானம் வாங்குவது, யு.பி.எஸ். இல்லாமல் சர்வர் வாங்குவதைப் போன்றது.

மூன்றாவது கணக்கு: காற்று

ஜூன் வந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று நமக்குச் சாரலையும் சீசனையும் கொண்டுவருகிறது. சுரண்டை, கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வதும் அதனால்தான். சிறிய விமானத்துக்கு அதுவே எதிரி. மேற்கிலிருந்து மலையைத் தாண்டி வரும் காற்று நம் பக்கம் இறங்கும்போது புரண்டு சுழலும். மலை அடிவாரத்தில் லேசான விமானத்தைத் தூக்கிப் போடும்.

பக்கக் காற்றைக் கணக்கிட எக்ஸெலில் சைன் பங்ஷன் போதும். காற்று வரும் திசைக்கும் ஓடுதளத்தின் திசைக்கும் உள்ள கோண வித்தியாசத்தை முதலில் ரேடியன்ஸ் பங்ஷனால் மாற்றிக்கொள்ளுங்கள். அதன் சைனைக் காற்றின் வேகத்தால் பெருக்குங்கள்.

காற்று 260 டிகிரியிலிருந்து 20 நாட் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓடுதளம் 270 டிகிரி, அதாவது நேர் மேற்கு நோக்கி இருந்தால் பக்கக் காற்று 3.5 நாட்தான். அதே காற்றில் ஓடுதளம் 180 டிகிரி, தெற்கு நோக்கி இருந்தால் 19.7 நாட்! செஸ்னா 152-க்கு மேனுவலில் சோதித்துக் காட்டப்பட்ட பக்கக் காற்று 12 நாட்தான். புதிதாக ஓட்டுபவர் அதைவிடக் குறைவாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆக, எந்த விமானம் என்பதற்கு முன் எந்த ஓடுதளம் என்று கேளுங்கள். நம் பக்கத்தில் சீசன் மாதங்களில் பறக்கும் நாட்கள் குறைவு என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

எந்த பெட்ரோல்?

ரோட்டாக்ஸ் 912 கார் பெட்ரோலிலேயே ஓடும் என்று எல்லா விளம்பரங்களிலும் படிப்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த நிறுவனம் அனுமதிப்பது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோலை. நம் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் கலந்தது! ஆகவே "பங்க்கில் போட்டுக்கொள்ளலாம்" என்பது வெளிநாட்டு வாசகருக்குச் சொன்னது. நமக்கு அல்ல.

மாற்று வழி, விமான பெட்ரோலான ஏவ்காஸ். முன்பு இறக்குமதியை நம்பியிருந்தோம். 2022-ல் இந்தியன் ஆயில் நிறுவனம் இதை உள்நாட்டிலேயே தயாரித்து அறிமுகப்படுத்தியது. ஆனால் கடையநல்லூரில் போய்க் கேட்டால் கிடைக்காது. டிரம்மில் வரவழைத்துப் பாதுகாப்பாகச் சேமிக்க வேண்டும். அதில் ஈயம் இருப்பதால் ரோட்டாக்ஸில் ஆயிலை அடிக்கடி மாற்றவும் வேண்டும். எந்த எரிபொருள், எங்கிருந்து வரும் என்பது முடிவாகாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

செலவு: வருடத்துக்கு எத்தனை மணி நேரம்?

ஷெட் வாடகை, இன்சூரன்ஸ், வருடாந்திரச் சோதனை ஆகியவை விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வரும் செலவுகள். இவை வருடத்துக்கு 6 லட்சம் ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 150 மணி நேரம் பறந்தால் மணிக்கு 4,000 ரூபாய். 50 மணி நேரம்தான் பறந்தால் 12,000 ரூபாய். பெட்ரோல் தனி. உங்கள் நிஜமான எண்களைப் போட்டுப் பாருங்கள்.

இன்ஜினுக்கும் ஆயுள் உண்டு. ரோட்டாக்ஸ் 912-க்கு 2,000 மணி நேரம் அல்லது 15 வருடம். செஸ்னா 152-ல் உள்ள லைகோமிங் இன்ஜினுக்கு 2,400 மணி நேரம் அல்லது 12 வருடம். எது முதலில் வருகிறதோ அப்போது பிரித்துச் சரிபார்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் சொல்லும் அளவு. "குறைந்த மணி நேரமே ஓடியது" என்று விற்கப்படும் பழைய விமானத்தில் வருடத்தையும் பாருங்கள். மூலையில் கிடந்த கம்ப்யூட்டர் புதிய கம்ப்யூட்டர் ஆகிவிடாது!

உதிரி பாகத்தையும் யோசியுங்கள். செஸ்னா 2007-ல் அறிவித்த ஸ்கைகேட்சர் என்ற இரண்டு சீட் விமானத்தை 2013-ல் கைவிட்டது. விற்காமல் நின்ற புதிய விமானங்களை 2016-ல் உடைத்தே போட்டார்கள். பெரிய கம்பெனி என்பதால் அதன் மாடல் நீடிக்கும் என்று சொல்ல முடியாது.

வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

2020-ல் வந்த மைக்ரோசாப்ட் பிளைட் சிமுலேட்டரில் செஸ்னா 152, ஐகான் ஏ5, வி.எல்.-3, சி.டி.எஸ்.எல். ஆகிய இரண்டு சீட் விமானங்கள் உள்ளன. ஹார்டு டிஸ்க்கில் 150 ஜி.பி. இடமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். அவ்வளவு வசதி இல்லாதவர்கள் இலவசமான பிளைட்கியர் சாப்ட்வேரை டவுன்லோடு செய்யலாம். அதில் வரும் செஸ்னா 172 நான்கு சீட் என்றாலும் பயிற்சிக்குப் போதும். சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கீபோர்டில் ஓட்டினால் எதுவும் புரியாது.

சும்மா சுற்றாமல் இந்த மூன்று சோதனைகளைச் செய்யுங்கள்.

சோதனை 1: தூத்துக்குடி அல்லது மதுரை விமான நிலையத்தில் ஒருவர் மட்டும், பாதி டாங்க், 15 டிகிரி என்று வைத்துக் கிளம்புங்கள். 1,000 அடி ஏற எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சோதனை 2: எடைக்கான விண்டோவில் 86, 84 கிலோ ஆட்கள், முழு டாங்க், 35 டிகிரி என்று மாற்றுங்கள். மறுபடி குறியுங்கள். மேலே சொன்ன எடையும் வெயிலும் என்ன செய்யும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

சோதனை 3: ஓடுதளத்துக்குக் குறுக்கே 12 நாட் காற்று வைத்து இறக்குங்கள். பிறகு 20 வையுங்கள். பத்து முறையில் எத்தனை முறை ஒழுங்காக இறங்கினீர்கள் என்று எழுதுங்கள்.

சிமுலேட்டர் தராத விஷயங்களும் உண்டு. தூக்கிப் போடும்போது வயிற்றில் வரும் கலக்கம், கேபின் புழுக்கம், இரண்டு பெரிய ஆட்கள் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிப்பது எதுவும் அதில் இல்லை. அதற்கு நிஜ விமானத்தில் ஒரு முறையாவது உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

லைசென்ஸ் விஷயம்

பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு வயது 17 ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சோதனை, எழுத்துத் தேர்வு, குறைந்தது 40 மணி நேரப் பறப்பு ஆகியவை தேவை. மைக்ரோலைட்டுக்குத் தனி லைசென்ஸ் உண்டு. தேர்வு எழுத டி.ஜி.சி.ஏ. கொடுக்கும் அடையாள எண்ணுக்குப் பெயர் என்ன தெரியுமா? "கம்ப்யூட்டர் நம்பர்"! விமானத்துக்கு வி.டி. என்று தொடங்கும் பதிவு எண் வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய முன் அனுமதி வேண்டும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் பறக்க பிளைட் பிளானும் பாதுகாப்பு அனுமதி எண்ணும் தேவை. பைக்கை எடுப்பது போல நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது.

எக்ஸெல் என்ன சொன்னது?

அண்ணாச்சி ஆசைப்பட்டது துணி போர்த்திய மைக்ரோலைட். விலை குறைவு, பார்க்கவும் அழகு. ஆனால் அப்பாவும் மகனும் ஒன்றாகப் பறக்க அது உதவாது என்பதை எச் காலத்தின் சிவப்புக் கட்டமே காட்டிவிட்டது. ஷீட்டில் தேறியது லைட் ஸ்போர்ட் வகை மட்டுமே. அதற்கும் ஷெட், பெட்ரோல், மேற்கு நோக்கிய ஓடுதளம் மூன்றும் அமைய வேண்டும்.

முதலில் மருத்துவச் சோதனை, அடுத்து பயிற்சிப் பள்ளியின் விமானத்தில் 40 மணி நேரம், அதன் பிறகும் ஆசை குறையாவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒன்று வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறார். மூன்று பேர் பங்கு போட்டால் ஷெட்டும் இன்சூரன்ஸும் மூன்றில் ஒரு பங்கு. விமானமும் சும்மா நிற்காது. இடம் விற்ற பணம் இப்போதைக்கு பேங்க்கில் பத்திரமாக இருக்கிறது.

விற்பவரிடம் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. இந்த விமானத்தைக் கடைசியாக எடை போட்ட சான்றிதழ் எங்கே?
2. முதல் நாளிலிருந்து எல்லா லாக் புத்தகங்களும் இருக்கின்றனவா?
3. இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை வருடம் ஆனது?
4. கட்டாயமாகச் செய்ய வேண்டிய மாற்றங்கள் எல்லாம் செய்யப்பட்டதற்கு ஆதாரம் உண்டா?
5. கடலோர ஊரில் நின்றதா? அப்படியானால் இறக்கைக்குள் துரு, அரிப்பு பார்த்தீர்களா?
6. அவசர பாராசூட் இருந்தால் அதன் ராக்கெட்டின் காலாவதித் தேதி என்ன?

பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத விமான இன்ஜினியர் ஒருவரை வைத்துச் சோதித்த பிறகு பணம் கொடுங்கள். இவற்றில் ஒரு கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்த விமானத்தை விட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்துகொள்ளலாம். மேலே போன பிறகு அந்த வசதி கிடையாது!